மாதக் கடைசியில் யோசிப்பது

பெங்களூரு மெட்ரோவின் பச்சைத் தடத்தில் சம்பிகே ரோடு நிலையத்துக்கு அடுத்தது ஸ்ரீராம்புரம். 2014 மார்ச்சில் இந்த வழியில் ரயில் ஓடத் தொடங்கியது. பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் அந்த வேலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். ஆலைகள் போய்விட்டன. ராஜா மில் இருந்த இடத்தில் இன்று மந்திரி மால் நிற்கிறது. அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் ஆட்டோ ஓட்டுகிறார்கள், கார்மெண்ட்ஸுக்குப் போகிறார்கள், பீன்யாவில் லேத் பிடிக்கிறார்கள், கம்ப்யூட்டர் கம்பெனியிலும் இருக்கிறார்கள்.

தெளிவாக யோசிப்பது எப்படி, சிக்கலைப் படிப்படியாக அவிழ்ப்பது எப்படி என்று கற்றுத்தரும் வகுப்புகளும் காணொளிகளும் இவர்களையும் விடவில்லை. அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் யோசிக்க உட்காருபவருக்குத் தலையில் இடம் காலியாக இருக்கிறது என்று அவை தொடக்கத்திலேயே முடிவுகட்டிவிடுகின்றன. என் அக்கறை அந்த இடத்தில்தான். யோசிக்கும் பழக்கத்தைப் பேசுவதற்கு முன்னால், யோசனைக்கான இடத்தை எது பிடித்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். இதைப் பற்றி நடந்த முக்கியமான ஆய்வுகளில் சில தமிழ்நாட்டு மண்ணிலேயே நடந்தவை.

ஸ்ரீராம்புரம் மாதிரிப் பேட்டைகளில் நடக்கும் ஏலச்சீட்டிலிருந்து தொடங்கலாம். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம். மாதம் ஒரு நாள் சாயங்காலம் சீட்டு பிடிப்பவர் வீட்டில் கூடுவார்கள். நீள நோட்டு ஒன்று, அதில் பெயருக்கு நேராக டிக் அடித்த கட்டங்கள். பணம் தேவைப்படுபவர் எவ்வளவு தள்ளத் தயார் என்று கூவுவார். "பத்து." "பன்னெண்டு." "பதினஞ்சு." ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். 15,000 தள்ளி எடுத்தால் கைக்கு 85,000. தள்ளிய தொகையில் சீட்டுக்காரரின் கமிஷன் போக மீதி எல்லோருக்கும் கசராகப் பிரியும். அந்த மாதம் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் பேனா எடுக்காமல் சொல்லிவிடும் பெண்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு. 30,000 போனால் யாருக்கு லாபம், இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

அதே பெண், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நெருக்கும் மே மாதத்தில், போன மாதம் அடுத்தவருக்கு "வேணாம்மா, பொறு" என்று சொன்ன அதே வாயால், மளமளவென்று 30,000 வரை தள்ளி எடுத்துவிடுவார். 15,000-க்கும் 30,000-க்கும் உள்ள வித்தியாசம் மூன்று தவணை. அவருக்குக் கணக்கு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பணம் தேவைப்பட்டது உண்மை. தேவை இருக்கும்போது விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கூவுவதற்கு முன் வேறு வழிகளை எடைபோட்டுப் பார்த்தாரா என்றால், பெரும்பாலும் இல்லை. பள்ளியில் இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் எடுக்கப்போகிறவரிடம் ஒரு வாரத்துக்குக் கைமாற்று கேட்கலாம் என்று தோன்றவில்லை. மற்ற மாதங்களில் இதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தோன்றும்.

அறிவு கூடக் குறைய இருப்பது மனிதருக்கு மனிதர் மட்டுமல்ல, ஒரே மனிதரிடம் நாளுக்கு நாளும்தான் என்பதை அளந்து காட்ட முடியுமா? ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வர் முயன்றார்கள். முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா போன பொருளாதார அறிஞர். ஷஃபீர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர். அவர்கள் தேர்ந்தெடுத்தது தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 54 கிராமங்களில் 464 பேர். முடிவு 2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது.

கரும்பை ஏன் எடுத்தார்கள் என்பதில்தான் இந்த ஆய்வின் அழகு இருக்கிறது. கரும்பு போட்டவருக்குப் பெரும்பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கை காய்ந்து கிடக்கும்; பணம் வந்த பிறகு கொஞ்ச காலம் மூச்சு விடலாம். ஆக, ஒரே ஆளை ஏழையாகவும் ஓரளவு வசதியானவராகவும் சில மாத இடைவெளியில் பார்த்துவிடலாம். இன்னொன்று, எப்போது வெட்டுவது என்பது விவசாயியின் கையில் இல்லை. ஆலை வெட்டு உத்தரவு தருகிற நாளில்தான் அரிவாள் வைக்க முடியும். ஒரே கிராமத்தில் ஒருவருக்கு முன்னதாகவும் பக்கத்து வயல்காரருக்குச் சில வாரம் பின்னதாகவும் உத்தரவு வரும். இதனால் மழை, வெயில், பண்டிகை போன்ற பருவக் காரணங்களைத் தனியே கழித்துவிட முடிந்தது.

வெட்டுக்கு முன்பு இவர்களில் 78 விழுக்காட்டினர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பிறகு அது 4 விழுக்காடு. இந்த இரண்டு காலத்திலும் ஒவ்வொருவருக்கும் இரண்டு சோதனை வைத்தார்கள். ஒன்று ரேவன் படப்புதிர்: கோடும் வட்டமுமாக வரிசை வைத்த வடிவங்களில் ஒன்று விடுபட்டிருக்கும், அங்கே எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டும். படிப்பறிவு தேவையில்லை, முறையைப் பிடிக்கும் திறன் வேண்டும். மற்றது கொஞ்சம் குறும்பான சோதனை. '5 5 5' என்று எழுதியிருக்கும். எத்தனை எண்கள் என்று சொல்ல வேண்டும். வாயில் 'அஞ்சு' என்று வந்து நிற்கும். அதை அடக்கிவிட்டு 'மூணு' என்று சொல்ல வேண்டும். முதலில் தோன்றுவதை நிறுத்தி வைக்கிற மூளையின் பலத்தை இது அளக்கிறது. சீட்டு ஏலத்தில் அவசரமாக வாய்க்கு வரும் எண்ணை அடக்கவும் இதே பலம்தான் வேண்டும்.

படப்புதிரில் வெட்டுக்கு முன்பு சராசரியாக 4.35 சரி, பின்பு 5.45. எண் சோதனையை முடிக்க முன்பு 146 விநாடி ஆனது; பின்பு 131 விநாடி, அதுவும் குறைந்த தவறுகளோடு. அதே ஆள், அதே வயல், அதே மூளை.

இரண்டாவது முறை சோதனை எழுதினால் பழக்கத்தால் நன்றாகச் செய்வார்கள்தானே என்று கேட்கத் தோன்றும். அதற்காகவே 100 விவசாயிகளை ஒதுக்கி வைத்து, அவர்களுக்கு முதல் சோதனையையே வெட்டுக்குப் பிறகு வைத்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். சாப்பாட்டுக்குச் செலவழிப்பது பெரிதாக மாறியதா என்று பார்த்தார்கள், இல்லை. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள்; மன அழுத்தம் இருந்தது, ஆனால் அதை மட்டும் வைத்து முழு வித்தியாசத்தையும் விளக்க முடியவில்லை. மிஞ்சியது கவலையின் பாரம்தான். அடகுக்கு வட்டி கட்ட வேண்டும், உரக்கடைக்காரர் வாசலில் நிற்கிறார், ஆள்கூலி யாரிடம் புரட்டுவது என்று பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் கணக்கு, முன்னால் இருக்கும் வேலைக்கான கவனத்தைத் தின்றுவிடுகிறது.

இதே குழு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு மாலுக்கு வந்தவர்களிடமும் சோதித்தது. உங்கள் கார் பழுதாகிவிட்டது, செலவு 150 டாலர், என்ன செய்வீர்கள் என்று சிலரிடம். 1,500 டாலர் என்று சிலரிடம். யோசிக்க வைத்துவிட்டு, நடுவில் புதிர்களைக் கொடுத்தார்கள். 150 டாலர் கேள்வி கேட்டபோது வசதியானவரும் இல்லாதவரும் ஒன்றுபோலவே செய்தார்கள். 1,500 என்றபோது வசதியானவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இல்லாதவரின் மதிப்பெண் விழுந்தது. கார் உண்மையில் பழுதாகவே இல்லை. நினைக்க வைத்ததற்கே இந்தப் பாடு.

மூளைக்குள் நடப்பது என்ன? கண்முன் இருக்கும் காரியத்துக்காகச் சில விஷயங்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொண்டு அவற்றை இப்படி அப்படித் திருப்பிப் பார்க்கும் ஆற்றலைச் செயல் நினைவு என்கிறார்கள். அதன் கொள்ளளவு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. 1956-ல் ஜார்ஜ் மில்லர் 7 என்பதை ஒட்டிய எண்ணிக்கையைச் சொன்னார். 2001-ல் நெல்சன் கோவன் கிடைத்த சான்றுகளை அலசி, உண்மையில் நான்கு போலத்தான் என்றார். பட்டம் பெற்றவருக்கும் இவ்வளவுதான். ஸ்ரீராம்புரத்தின் பத்துக்குப் பத்து அறை மாதிரி: பீரோவும் கட்டிலும் போட்ட பிறகு நடுவில் ஒரு பாய் விரிக்கத்தான் இடம். அந்தப் பாயில் கடன்காரர் வந்து உட்கார்ந்துவிட்டால், பிள்ளை படிக்க எங்கே உட்காரும்? சிக்கலைத் தீர்ப்பது என்றால் இரண்டு மூன்று வழிகளை ஒரே நேரத்தில் மனசில் நிறுத்தி ஒப்பிட வேண்டும். நான்கில் இரண்டு இடத்தைக் கவலை பிடித்துக்கொண்டால் ஒப்பிட முடியாது; கண்ணில் படும் முதல் வழியைத்தான் பிடிக்க முடியும்.

இந்த ஆய்வை எதிர்க்கேள்வி இல்லாமல் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும். லியாண்ட்ரோ கார்வால்யோவும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 2016-ல் வெளிவந்த அந்த ஆய்வில் யோசிக்கும் திறனில் வித்தியாசம் தென்படவில்லை. பற்றாக்குறையின் உளவியல் பற்றிய சில ஆய்வுக்கூடச் சோதனைகளை வேறு குழுக்கள் திரும்பச் செய்தபோதும் அதே பலன் கிடைக்கவில்லை. என் கணிப்பில், இது கரும்பு ஆய்வைத் தள்ளிவிடவில்லை. அதன் எல்லையைக் காட்டுகிறது. சம்பளத்துக்கு முந்தைய இரண்டு நாள் இழுபறி வேறு, மாதக்கணக்கில் நகை அடகில் கிடப்பது வேறு. பணம் குறைவு என்பது மட்டும் மூளையை மங்கச் செய்வதில்லை. தீராமல் துரத்தும் பாக்கிதான் செய்கிறது.

இதை இன்னும் உறுதியாகக் காட்டியது ஒடிசாவில் நடந்த ஓர் ஆய்வு. சுப்ரீத் கௌர், முல்லைநாதன், சுவான்னா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் ஆகியோர், விவசாய வேலை இல்லாத காலத்தில் கிராமத்தினருக்கு இலைத்தட்டு தைக்கும் வேலை கொடுத்தார்கள். தைத்த தட்டுக்குத் தட்டு கூலி, இரண்டு வார ஒப்பந்தம். எல்லோருக்கும் ஒரே கணக்குதான். ஆனால் சிலருக்கு மட்டும், சேர்ந்திருந்த கூலியை ஒப்பந்தம் முடிவதற்குச் சில நாள் முன்பே கையில் கொடுத்துவிட்டார்கள். கூடுதலாக ஒரு பைசா இல்லை, நாள்தான் முந்தியது. வாங்கியவர்கள் போய்க் கடனை அடைத்தார்கள். மறுநாளிலிருந்து அவர்கள் தைத்த தட்டுகள் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடின. ரொம்ப இல்லாதவர்களிடம் பலன் இன்னும் அதிகம். ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு விவரம். தட்டுகளையே எடுத்து வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: ஒரு தட்டுக்கு எத்தனை இலை, எத்தனை குச்சி, குத்திய இடத்திலேயே தவறிப்போய் மறுபடி குத்திய துளைகள் எத்தனை என்று. பணம் முன்னே வந்தவர்களின் தட்டில் இந்தப் பிசகுகள் குறைவு. வேகமாக வேலை செய்தால் தவறு கூடத்தானே வேண்டும்? இங்கே வேகமும் கூடியது, தவறும் குறைந்தது. கை வேலையில் மனசு திரும்பி வந்து உட்கார்ந்ததன் தடம் அந்த இலையில் இருந்தது.

தூக்கத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னையில் குறைந்த வருமானம் கொண்ட 452 பேருக்கு ஒரு மாதம் கணினியில் தகவல் பதியும் வேலை கொடுத்து, மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். 2021-ல் வெளிவந்த ஆய்வு. எட்டு மணி நேரம் படுக்கிறார்கள், ஆனால் தூங்குவது ஐந்தரை மணி. புழுக்கம், கொசு, சத்தம், பக்கத்தில் படுத்தவர் புரண்டால் விழிப்பு. கண்மறைப்பு, காதடைப்பு, நல்ல தலையணை, ஊக்கத்தொகை எல்லாம் கொடுத்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். ஒரு பலனும் தெரியவில்லை; அதே துண்டு துண்டான தூக்கம்தான் கொஞ்சம் நீண்டது என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் வேலையிடத்தில் அமைதியான ஒரு மூலையில் மதியம் அரை மணி நேரம் தூங்க விட்டபோது வேலைத் திறன் கூடியது, கவனம் கூடியது, மனநிறைவும் கூடியது. வேலை நேரத்தில் தூங்குவதைச் சோம்பல் என்று விரட்டும் மேஸ்திரிகளுக்கும் மேனேஜர்களுக்கும் இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அப்படியானால் பழக்கத்தால் ஆகக்கூடியது ஒன்றுமே இல்லையா? உண்டு. ஆனால் அது மூளையை முறுக்கேற்றும் பழக்கம் அல்ல, மூளையிலிருந்து இறக்கி வைக்கும் பழக்கம்.

2011-ல் மசிகாம்போவும் பவ்மைஸ்டரும் செய்த சோதனைகள் இதற்கு நல்ல ஆதாரம். முடிக்காத காரியம் ஒன்று மனசில் கிடந்தால் அது அடுத்த வேலைக்குள் புகுந்து தொந்தரவு செய்கிறது. இது நமக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, அந்தத் தொந்தரவு போக அந்தக் காரியத்தை முடிக்க வேண்டியதில்லை என்பது. எப்போது, எங்கே, எப்படிச் செய்யப்போகிறேன் என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தாலே போதும், மூளை அதை விட்டுவிடுகிறது. 'கடனை எப்படியாவது அடைக்கணும்' என்பது திட்டம் அல்ல. அது ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பும். 'பத்தாம் தேதி சம்பளம் வந்ததும் அடகுக்கடைக்குப் போய் வட்டியை மட்டும் கட்டுகிறேன், தீபாவளி போனஸில் மீட்கிறேன்' என்று காலண்டர் தாளில் எழுதி மாட்டினால் அது திட்டம். கடன் ஒரு ரூபாயும் குறையவில்லை, ஆனால் தலை கொஞ்சம் காலியாகிறது.

நம் வீட்டுப் பெண்கள் வாடகைக்கு ஒரு டப்பா, பால்காரருக்கு ஒரு டப்பா, சீட்டுக்கு முந்தானை முடிச்சு என்று பிரித்து வைப்பதும் இதே வேலைதான். எவ்வளவு செலவழிக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்காமல், ஒரே தடவை யோசித்து முடித்துவிடுவது. திலீப் சோமனும் அமர் சீமாவும் இந்தியக் கிராமத்துக் கட்டடத் தொழிலாளர்களிடம் இதைச் சோதித்தார்கள். சேமிப்பை ஒரே உறையில் வாங்கியவர்களைவிட, அதே தொகையை இரண்டு உறையாகப் பிரித்து வாங்கியவர்கள் அதிகம் மிச்சம் பிடித்தார்கள். உறை மேல் பிள்ளைகளின் புகைப்படம் இருந்தால் இன்னும் அதிகம். இரண்டாவது உறையைப் பிரிக்கும்போது கை ஒரு கணம் நிற்கிறது. '5 5 5' என்பதைப் பார்த்து 'மூணு' என்று சொல்வதற்குத் தேவைப்படும் அதே கணம்.

பணம் இல்லாதவர்களுக்கு மட்டுமான மருந்து இது என்று நினைக்க வேண்டாம். அறுவை சிகிச்சை அரங்கில் நிற்பவருக்குப் பணக் கவலை இருக்காது, ஆனால் தலை நிறைய வேறு பாரம். உலக சுகாதார நிறுவனம் 19 வரி கொண்ட ஒரு சரிபார்ப்புத் தாளை உருவாக்கி, டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் சோதித்தது. நோயாளி யார், எந்தப் பக்கம் அறுக்க வேண்டும், ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா, பஞ்சு எண்ணிக்கை சரியா என்பது போன்ற கேள்விகள்தான். 2009-ல் வெளியான முடிவின்படி பெரிய சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும், இறப்பு 1.5-லிருந்து 0.8 ஆகவும் குறைந்தன. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதை எல்லா மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்கிப் பார்த்தபோது அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. தாளை நிரப்பிக் கையெழுத்துப் போடுவது எளிது. ஒரு நிமிடம் எல்லோரும் கையை நிறுத்தி, வாய்விட்டுச் சொல்வதுதான் கடினம். லேத் பட்டறையில் ஷிஃப்ட் மாறும்போது இறங்குகிறவர் ஏறுகிறவரிடம் 'மூணாம் மிஷின்ல பேரிங் சத்தம் வருது, பார்த்துக்க' என்று சொல்லிவிட்டுப் போவதும் இந்த வகைதான். அது எழுதப்பட்டும் சொல்லப்பட்டும் இருந்தால் விபத்து ஒன்று தவிர்க்கப்படலாம்.

மீண்டும் சீட்டுக்கு வருவோம். ஏலம் நடக்கும் அறையில் முடிவெடுக்கக் கூடாது என்பது என் திடமான எண்ணம். எதுவரை தள்ளலாம் என்பதை இரண்டு நாள் முன்பு, காலையில் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, கூட ஒருவரை வைத்துக்கொண்டு பேசித் தாளில் எழுதிவிட வேண்டும். அந்த ஆள் கணக்கில் புலியாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கடனின் பாரம் அவர் தலையில் இல்லை என்பதே போதுமான தகுதி. போன மாதம் "பொறு" என்று சொன்னவருக்கு இருந்ததும் அதே தகுதிதான். உளவியலாளர் கேரி கிளைன் அலுவலகக் குழுக்களுக்குச் சொன்ன ஒரு முறையை இங்கேயும் செய்து பார்க்கலாம்: இந்த முடிவு ஆறு மாதம் கழித்துச் சொதப்பிவிட்டது என்று வைத்துக்கொள், எதனால் சொதப்பியிருக்கும் என்று முன்கூட்டியே கேட்பது. 'நடக்குமா' என்று கேட்டால் ஆசை பதில் சொல்லும். 'ஏன் நடக்கவில்லை' என்று கேட்டால் அனுபவம் பதில் சொல்லும்.

இவை தனி ஆள் செய்யக்கூடியவை. பாரத்தை ஏற்றி வைப்பவர்கள் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. பள்ளிக் கட்டணத்தை ஒரே மூச்சில் மே மாதத்தில் கேட்காமல், சம்பளம் வந்த வாரத்தை ஒட்டித் தவணையாகக் கேட்கலாம். கார்மெண்ட்ஸில் ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கான கூலியில் ஒரு பகுதியை மாத நடுவில் கொடுக்கலாம். ஒடிசாவில் அதற்குக் கூடுதல் செலவே ஆகவில்லை. கரும்பு விஷயத்தில் சட்டமே இருக்கிறது. 1966-ம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஆலைக்குப் போன 14 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி. தமிழ்நாட்டில் பல ஆலைகள் ஆண்டுக்கணக்கில் பாக்கி வைத்து, விவசாயிகள் தெருவில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். அந்த நிலுவையை ரூபாயில்தான் கணக்கிடுகிறோம். படப்புதிரின் 4.35-க்கும் 5.45-க்கும் இடையில் அந்த மனிதர்கள் எத்தனை மாதம் நிறுத்தி வைக்கப்பட்டார்கள், அந்த மாதங்களில் என்னென்ன முடிவுகளை எடுத்தார்கள் என்பதும் அந்தப் பாக்கியில் சேர வேண்டியது.